இரண்டாம் உலையும் ஐந்தாம் உலையும்

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் நேர்காணலில், “சீரியல் கம்யூனிகேஷன் பண்ணியிருக்கீங்களா?” என்று முதலாளி ராஜாராமன் கேட்டபோது, நாகலக்ஷ்மி “பண்ணியிருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டாள். அவள் அதுவரை எழுதியதெல்லாம் சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம்கள். கம்ப்யூட்டரின் முதுகில் ஊசி ஊசியாக ஒரு போர்ட் இருக்கிறது, அதில் மௌஸ் மாட்டலாம் என்பதற்கு மேல் அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய கம்பெனியை மூடி ஐந்து மாதமாகியிருந்தது. கீழ்க்கட்டளையில் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள். முப்பத்தொரு வயதில் இன்னும் எத்தனை நாள் இப்படி என்று நினைத்துக்கொண்டே போனவளுக்கு வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்து விழுந்துவிட்டது.

இது நடந்தது 1993 ஜூலையில். அடுத்த திங்கட்கிழமையே அவளைத் தாம்பரம் சானடோரியத்தில் ஓர் ஆலைக்கு அனுப்பினார்கள்.

ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் அந்த ஆலை. லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் போகிற பற்சக்கரங்களை உலையில் வைத்துப் பக்குவப்படுத்தும் இடம். வரிசையாக ஆறு மின்சார உலைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துப் பலகையில் ஒரு கன்ட்ரோலர்: உள்ளங்கை அகலத்தில் கறுப்பு முகம், மேலே சிவப்பு எண்ணில் உலையின் இப்போதைய சூடு, கீழே பச்சையில் இருக்கவேண்டிய சூடு. இந்த ஆறு கன்ட்ரோலர்களும் மாடியில் மேனேஜர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும். கம்ப்யூட்டர் சூட்டைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும் என்று அங்கிருந்தே சொல்லவும் வேண்டும். அதுதான் வேலை.

வேலையைத் தொடங்கியவன் ராஜாராமனிடம் வேலை பார்த்த யக்ஞநாராயணன். அவன் ஜூன் மாதம் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பேசவைப்பதற்கு முன்னால் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். விட்டுப்போனது ஒரு ஃப்ளாப்பி, ஜெராக்ஸ் எடுத்த இரண்டு மேனுவல், பென்சிலில் எழுதிய ஒரு தாள். தாளில் ‘உலை 1 – அட்ரஸ் 1, உலை 2 – அட்ரஸ் 2’ என்று ஆறு வரை எழுதி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருந்தான்.

மேனுவலைப் படித்துப் படித்து நாகலக்ஷ்மிக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கியது. ஆறு கன்ட்ரோலருக்கும் ஆறு தனித்தனி ஒயர் கிடையாது. ஒரே ஜோடி ஒயர்தான் ஒன்றாம் உலையில் தொடங்கி ஆறாம் உலை வரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. வகுப்பில் ஆஜர் எடுக்கிற மாதிரி கம்ப்யூட்டர் “மூன்று” என்று கூப்பிடும். கூப்பிட்டது ஆறு பேருக்கும் கேட்கும். மூன்றாம் எண் உள்ளவன் மட்டும் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் கூப்பிட்டபோது ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

‘நோ ரெஸ்பான்ஸ்.’ திரையில் ஆறு வரிகளிலும் அதே. தினமும் காலையில் கீழ்க்கட்டளையிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம் வந்து, அங்கே ரயில் பிடித்து, ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் உட்காருவாள். சாயங்காலம் வரை ‘நோ ரெஸ்பான்ஸ்’ பார்ப்பாள். பக்கத்து மேஜையில் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் ஃபைல் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் திரையைப் பார்ப்பார்.

“டெக்னிக்கலா என்ன ப்ராப்ளம் நாகலக்ஷ்மி?” என்பார்.

“லைன்ல ஒரு சின்ன டவுட் சார்” என்பாள். என்ன டவுட் என்று அவர் கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

உலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷிஃப்ட் மேஸ்திரி லாசரஸ், அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர், முப்பத்தெட்டு வயதிருக்கும். தினம் ஒரு முறை மாடிக்கு வந்து கதவோரம் நின்று கேட்பார்.

“இன்னா மேடம், இன்னிக்காவது பேசுச்சா?”

“இல்லை லாசரஸ்.”

“பேசும் பேசும். புதுசு இல்ல? வெக்கப்படுது.”

இரண்டாம் வாரத்தில் ஒரு முன்னேற்றம். கம்ப்யூட்டர் எட்டு பிட்டில் பேசிக்கொண்டிருந்தது, கன்ட்ரோலர்களோ ஏழு பிட்டும், பிழை பார்க்க ஒரு பாரிட்டி பிட்டும் எதிர்பார்த்தன. அதைச் சரிசெய்ததும் திரையில் குப்பை வரத்தொடங்கியது. சதுரங்கள், இதய வடிவங்கள், சிரிக்கிற முகங்கள். மூன்றாம் வாரம், வேறு வழி தெரியாமல், கம்ப்யூட்டருக்கும் அந்த ஒயர் ஜோடிக்கும் நடுவில் இருந்த மாற்றிப்பெட்டியில் A என்றும் B என்றும் போட்டிருந்த இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினாள். உடனே முதல் வரியில் ‘36’ என்று வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, ஆறும் வந்துவிட்டன.

அன்றைக்கு ஆலை ஓடவில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றுவதற்காக நான்கு நாள் மூடியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கும் கன்ட்ரோலர்களுக்கும் மட்டும் ஜெனரேட்டர். உலைகள் ஆறிக் கிடந்தன. 36, 36, 37, 36, 35, 36. நாகலக்ஷ்மி அந்த எண்களை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனிக்கு A என்பது இன்னொரு கம்பெனிக்கு B என்று பிறகு மேனுவலின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தாள். ஆனாலும் சரியாக வந்ததுதான் அவளை உறுத்தியது. தெரிந்து செய்தது இல்லையே. கையை மாற்றி வைத்தாள், வந்துவிட்டது. நாளைக்கு வராமல் போனால் எங்கே கை வைப்பது?

ஸ்ரீநிவாசராகவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு, கன்ட்ரோலர் பலகையின் முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டிவிட்டார். சாவி அவர் மேஜை டிராயரில்.

“இனிமே எல்லாம் கம்ப்யூட்டர் மூலமாத்தான். பேனல்ல யாரும் கை வைக்கப்படாது” என்று லாசரஸிடம் சொன்னார்.

“சரி சார்” என்றார் லாசரஸ்.

திங்கட்கிழமை ஆலை திறந்தது. அம்பத்தூரிலிருந்து நூற்றுநாற்பது பற்சக்கரங்கள் வந்து இறங்கின. அவற்றை அங்கேயே கடினப்படுத்திவிட்டார்கள். அப்படியே விட்டால் பல் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், நூற்றெண்பது டிகிரி இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துத்தர வேண்டும். அந்த வேலைக்கு ஐந்தாம் உலை. லாசரஸ் எண்ணெய்ப் பிசுக்கோடு அவற்றை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்தினார். இரண்டாம் உலை காலி. மத்தியானத்துக்கு வேறு லோடு வருகிறது, அதற்குள் எண்ணூற்று அறுபது டிகிரிக்கு ஏற வேண்டும்.

“லாசரஸ், மேல வா. நீயும் பாரு” என்று மேனேஜர் கூப்பிட்டார். எல்லோருக்கும் காப்பி வந்தது.

ஒன்பதரை மணிக்கு நாகலக்ஷ்மி இரண்டாம் வரியில் 860 என்று தட்டினாள். ஐந்தாம் வரியில் 180. இரண்டிலும் ‘ஓகே’ என்று பதில் வந்தது. பிறகு மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் வரி மளமளவென்று ஏறியது. ஐந்தாம் வரி நிதானமாக ஏறி, நூற்றெழுபதில் தயங்கி, 180-இல் வந்து நின்றது. கொஞ்சம்கூட அசையவில்லை.

“ப்யூட்டிஃபுல்” என்றார் ஸ்ரீநிவாசராகவன். அவர் நாகலக்ஷ்மியைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் முறை. கை கட்டி நின்ற லாசரஸும் தலையை ஆட்டினார்.

பத்தேகால் இருக்கும். லாசரஸ் கீழே போனார். போன வேகத்தில் அவர் குரல் மாடி வரை கேட்டது.

“மேடம்! சார்! அஞ்சு பொகையுது!”

நாகலக்ஷ்மி திரையைப் பார்த்தாள். ஐந்து: 180. ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். ஐந்தாம் உலையின் கதவிடுக்கிலிருந்து நீலப் புகை கற்றை கற்றையாக வந்துகொண்டிருந்தது, எண்ணெய் கருகும் நாற்றத்தோடு. லாசரஸ் ஓடிப்போய் அந்த உலையின் பெரிய ஸ்விட்சை இழுத்து அணைத்துவிட்டார். அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். ஐந்து இன்னும் 180. இரண்டாம் வரி மட்டும் 438-இல் நின்று, மெல்ல இறங்க ஆரம்பித்திருந்தது.

இரண்டு பேரும் கீழே ஓடினார்கள். பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே ஐந்தாம் உலையின் கன்ட்ரோலர் சிவப்பில் 436 என்றது.

“இங்க நானூத்தி முப்பத்தாறு காட்டறது, மேல நூத்தியெண்பது காட்டறது. எதை நம்பறது?” என்றார் மேனேஜர்.

“பொகைய நம்பு சார்” என்றார் லாசரஸ். “ரெண்டாம் நம்பர் கிட்டப் போய்ப் பாரு. அனலே காணோம், இட்லி வேகற சூடுதான் கீது அதுல.”

அதன் கன்ட்ரோலர் 180 காட்டியது.

நாகலக்ஷ்மி மாடிக்கு ஓடினாள், கீழே வந்தாள், மறுபடி மாடிக்கு ஓடினாள். புரோகிராமில் வரிசை எண் தவறியிருக்குமோ என்று பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். தவறு இல்லை. ஒயர் மாறியிருக்குமோ? ஆனால் ஒரே ஜோடி ஒயர்தானே எல்லோருக்கும். மாறுவதற்கு இன்னொரு ஒயர் எங்கே இருக்கிறது? ஒன்றும் ஓடவில்லை அவளுக்கு. ஐந்தாம் கன்ட்ரோலருக்குப் போகும் கிளை ஒயரை மட்டும் கழற்றச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தாள். திரையில் ஐந்தாம் வரி அப்படியே இருந்தது. இரண்டாம் வரி ‘நோ ரெஸ்பான்ஸ்’ என்றது.

அவள் சாவி வாங்கி மூடியைத் திறந்தாள். மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்தாம் கன்ட்ரோலரின் பொத்தான்களை அழுத்தி, உள்ளே ஆழத்தில் இருக்கும் அட்ரஸ் பக்கத்துக்குப் போனாள். அங்கே ‘2’ என்று இருந்தது. இரண்டாம் கன்ட்ரோலரில் பார்த்தால் ‘5’.

யக்ஞநாராயணன் தாளில் டிக் போட்டிருக்கிறான். அவன் அசட்டையான ஆள் இல்லை.

ஸ்ரீநிவாசராகவனின் முகம் சிவந்துவிட்டது. “நம்பர் தானா மாறுமா? யாரோ கை வெச்சிருக்கா. லாசரஸ், உண்மையைச் சொல்லு. நீ இந்த நம்பரை மாத்தினியா?”

“சத்தியமா இல்ல சார். மாதா மேல ஆணையா சொல்றேன். அந்த நம்பர் இன்னா, அது எங்க கீது, எனக்கு இன்னிக்கிதான் தெரியும்.”

“பின்ன யாரு?”

ஆகாயப்படை விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அது போய் முடிகிற வரை மூவரும் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நாகலக்ஷ்மிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. இந்த மூன்று வாரத்தில் ‘நோ ரெஸ்பான்ஸ்’ பார்த்து வெறுத்துப்போய்க் கீழே வந்து கன்ட்ரோலர் பொத்தான்களைக் கண்டபடி அழுத்தியிருக்கிறாள். மூன்றாம் எண்ணில் அழுத்தியது ஞாபகம் இருக்கிறது. மற்றவற்றில்? இரண்டிலும் ஐந்திலும் அழுத்தினேனா? அழுத்தவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நினைக்க நினைக்க, அழுத்தியது போலவே ஒரு காட்சி மனசுக்குள் உருவாகிக்கொண்டு வந்தது.

ஆலையின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் எல்லம்மா டீ போட்டு விற்பாள். பன்னிரண்டு மணிக்கு நாகலக்ஷ்மி அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். லாசரஸ் ஏற்கெனவே ஒரு கிளாஸ் டீயோடு அங்கே இருந்தார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“லாசரஸ்” என்றாள். “உங்க மேல தப்பு இல்லை. நான்தான் மாத்தியிருப்பேன்னு நினைக்கிறேன்.”

“நீங்க ஏன் மேடம் மாத்தப்போறீங்க?”

“தெரியாம. எனக்கு இந்த வேலையே தெரியாது. தெரியும்னு பொய் சொல்லித்தான் சேர்ந்தேன். மூணு வாரமா இருட்டுல தடவிண்டு இருக்கேன். அது எப்படி வேலை செஞ்சுதுன்னே எனக்குப் புரியலை. இப்ப எப்படிக் கெட்டுதுன்னும் புரியலை.”

இதை யாரிடமாவது சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். சொன்ன பிறகு இன்னும் அவமானமாக இருந்தது. எல்லம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

லாசரஸ் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“மேடம், ஒரு டவுட்டு. அந்த நம்பரு எங்க எழுதி கீது? பலகையிலயா, பொட்டியிலயா?”

“பெட்டிக்குள்ள. அதோட மெமரியில.”

“வூட்டுக்கு நம்பர் போடுவாங்களே, அந்த மாதிரி இல்லியா? கதவுல போட்டா கதவுலயே இருக்கும்.”

“இல்லை. இது ஆளோட கூடவே போற நம்பர். அந்தப் பெட்டியைக் கழட்டிண்டு போய் எங்க மாட்டினாலும் அதே நம்பர்ல…”

லாசரஸ் எழுந்தார். டீயைக் கீழே கொட்டினார். கிளாஸை எல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

நாகலக்ஷ்மிக்கு இதுவும் புரியவில்லை. நான் சொன்னதில் கோபமா? பொய் சொல்லிச் சேர்ந்த ஒருத்தியால் தனக்குக் கெட்ட பேர் வந்ததே என்று எரிச்சலா? அவள் மாடிக்குப் போய், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஐந்தாம் உலையிலிருந்து எடுத்த பற்சக்கரத்தைச் சோதித்த தாள் மேஜைக்கு வந்தது. ஐம்பத்தெட்டு இருக்க வேண்டிய கடினம் நாற்பத்துநான்காகியிருந்தது. எல்லாமே இளகிவிட்டன.

அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. ஆலை மூடியிருந்த அன்று ஆறு எண்களையும் பார்த்து எல்லாம் சரி என்று சொன்னாளே. ஆறு உலையும் ஒரே சூட்டில் கிடந்தன. இரண்டு ஐந்தாகவும் ஐந்து இரண்டாகவும் இருந்தாலும் அதே முப்பத்தாறுதானே வந்திருக்கும்? எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிற நேரத்தில் போய் யார் யார் என்று கேட்டிருக்கிறாள். நம்பரை யார் மாற்றியிருந்தால் என்ன, சரிபார்த்தேன் என்று சொன்னவள் அவள்தான்.

மூன்று மணிக்கு ஸ்ரீநிவாசராகவன் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“சார், அன்னிக்கு நான் பண்ணின டெஸ்ட் டெஸ்ட்டே இல்லை” என்று ஆரம்பித்தாள். ஆறு உலையும் ஆறிக் கிடந்ததைச் சொன்னாள். சீரியல் வேலை இதற்கு முன் செய்ததில்லை என்பதையும் சொன்னாள். நம்பரையும் தான்தான் மாற்றியிருக்கக்கூடும் என்று சொல்ல வாயெடுத்தபோது கதவில் நிழல் விழுந்தது. லாசரஸ்.

“மேடம் மாத்தல சார். நான்தான் மாத்தனேன்.”

“காலம்பற மாதா மேல ஆணை வெச்சியே!”

“நம்பர மாத்தலன்னுதான் சார் சொன்னேன். அது மெய்தான். நான் பொட்டிய மாத்தனேன்.”

அவர் உள்ளே வந்து நின்றபடியே சொன்னார். போன மாதம் ஒரு சனிக்கிழமை. இரண்டாம் உலையில் லோடு வெந்துகொண்டிருக்கும்போது அதன் கன்ட்ரோலர் திடீரென்று அணைந்துவிட்டது. எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. மேனேஜர் ஆலையில் இல்லை. உலை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று தெரியாமல் விட்டால் லோடு போய்விடும். ஐந்தாம் உலை அன்றைக்குச் சும்மா கிடந்தது. அதன் கன்ட்ரோலரை முன்பக்கமாக இழுத்தால் டிராயர் மாதிரி வந்துவிடும். இழுத்தார், இரண்டில் செருகினார், சூட்டை மறுபடி போட்டார், லோடு பிழைத்தது. அணைந்துபோனதைப் பிறகு பார்த்தால் பின்னால் ஊசிகளில் கரி. பெட்ரோல் போட்டுத் துடைத்ததும் எரிந்தது. அதைக் கொண்டுபோய் ஐந்தில் செருகிவிட்டார்.

“ரெண்டும் ஒரே மாரி சார். ஒரே கம்பெனி, ஒரே மூஞ்சி. எது எங்க இருந்தா இன்னான்னு வுட்டுட்டேன். அதுக்குள்ள ஒரு பேர் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? சொல்லாம தொட்டதுக்குப் போன வருசம் ஒரு மெமோ வாங்கிகினேன். இன்னொண்ணு வாங்குனா வூட்டுக்கு அனுப்பிடுவீங்க. அதான் வாயத் தொறக்கல.”

ஸ்ரீநிவாசராகவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தேதி எழுதினார். ‘டு’ என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

“இதை யாருக்கு எழுதறது?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, மெய்யாகவே தெரியாமல் கேட்டார். “அன்னிக்கு நீ அதைப் பண்ணலைன்னா இரண்டாம் நம்பர் லோடு போயிருக்கும். பண்ணினதாலே இன்னிக்கு இது போச்சு. யக்ஞநாராயணன் சரியாத்தான் போட்டிருக்கான். புரோகிராமும் சரி. ஒயரும் சரி. அந்த சனிக்கிழமை நான் நங்கநல்லூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தேன். திரும்பி வந்து லோடு எப்படிப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எல்லாம் சரியா இருந்துண்டே எப்படிய்யா தப்பாப் போகும்?”

அவர் தாளைக் கசக்கினார். இன்னொரு தாள் எடுத்தார். அதையும் எழுதவில்லை.

கடைசியில் லாசரஸுக்கு ஒரு மெமோ வந்தது, மாற்றியதற்காக அல்ல, மாற்றியதைச் சொல்லாததற்காக. வீட்டுக்கு அனுப்பவில்லை. அம்பத்தூர்க்காரர்களிடம் ஸ்ரீநிவாசராகவனே போய், தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். பற்சக்கரங்களை மறுபடி கடினப்படுத்தியதில் இருபத்துமூன்று நெளிந்துபோயின, மற்றவை தேறின. பலகையின் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது, ஆனால் சாவி இப்போது லாசரஸிடம். பக்கத்திலேயே ஒரு நோட்டும் கயிற்றில் கட்டித் தொங்கியது. எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும்.

குரோம்பேட்டையில் ராஜாராமனிடம் நாகலக்ஷ்மி நேர்காணலில் சொன்ன பொய்யைச் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நீங்க தெரியும்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா? எனக்கே தெரியாதும்மா அது. யக்ஞநாராயணன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்” என்றார். பிறகு, “இப்ப உங்களுக்குக் கொஞ்சம் தெரியும், இல்லையா?” என்று கேட்டார். “கொஞ்சம்” என்றாள்.

அந்த வாரக் கடைசியில், உலைகள் ஆறிய பிறகு, அவளும் லாசரஸும் மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். முதலில் இரண்டின் எண்ணையும் ஐந்தின் எண்ணையும் அவள் சரியாக மாற்றி வைத்தாள், லாசரஸ் நோட்டில் எழுதினார். பிறகு எல்லம்மாவிடம் ஒரு குண்டான் கொதிக்கும் வெந்நீர் வாங்கிவந்தார்கள். உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சூடு பார்க்கும் கம்பியை லாசரஸ் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதன் நுனியை வெந்நீரில் முக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மாடியில் நாகலக்ஷ்மி எந்த வரி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆறில் ஒன்றுக்கு மட்டும் சூடு, மற்றவை ஆறிக் கிடக்கும். இப்போது யார் யார் என்று குழப்பம் வர வழியே இல்லை.

“ஒண்ணு!” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணு! தொண்ணூத்தி மூணு!” என்று அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“ரெண்டு!”

இரண்டாம் வரிதான் ஏறியது. “எண்பத்தஞ்சு!”

“மூணு!”

“எழுபத்தெட்டு!”

“நாலு!”

“எழுபத்தி… ஒண்ணு.”

அவள் நின்றுவிட்டாள். வரி சரியாக இருக்கிறது, எண் ஏன் இறங்கிக்கொண்டே வருகிறது? ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு டிகிரி குறைகிறது. ஒயரின் நீளமா? தூரம் போகப்போகக் குறைகிறதா? மேனுவலில் அப்படி ஏதாவது இருந்ததா? மேனுவலை எடுத்து வேகவேகமாகப் புரட்டினாள். பிறகு ஜன்னலுக்கு ஓடிக் கேட்டாள்:

“லாசரஸ், நம்பர் கொறைஞ்சிண்டே வருது! அங்க ஏதாவது மாத்தினீங்களா?”

லாசரஸ் ஒரு கையில் கம்பியும் காலடியில் குண்டானுமாக அண்ணாந்து பார்த்தார்.

“ஒன்னியும் மாத்தல மேடம்! தண்ணி ஆறிக்கினு கீது!”

நாகலக்ஷ்மி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான்கு வாரத்தில், இல்லை, ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கீழே லாசரஸும் சிரித்துவிட்டு, குண்டானைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் உலைக்கு நகர்ந்தார்.